60,000 டாலருக்கு எந்த மசில் கார்? ஷெவெல் எஸ்எஸ், ஜிடிஓ, மாக் 1, அப்புறம் ஒரு ரெஸ்டோமாட்

டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இந்த வருடம் ஒரு பழைய மசில் கார், அதாவது 1960, 70களில் பெரிய எஞ்சினோடு வந்த அமெரிக்க வேகக் கார், வாங்கியே தீருவது என்று இருக்கிறார். கையில் இருப்பது 60,000 டாலர் அளவில். தானே பிரித்து மேய்ந்து ரெஸ்டோர் செய்ய நேரமும் இல்லை, இடமும் இல்லை, அதனால் யாராவது செய்து முடித்து விற்கும் காரைத்தான் வாங்கப் போகிறார். அவர் அனுப்பிய விளம்பரங்களில் தேறியவை நான்கு. முதலாவது 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 (எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், எண் எஞ்சினின் கன அங்குல அளவைக் குறிக்கும்), சிவப்பு, பானட்டில் கறுப்புப் பட்டைகள், பாடியை சேஸிஸிலிருந்து தூக்கி வைத்து அடி முதல் நுனி வரை செய்த வேலை, முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டாவது 1968 போண்டியாக் ஜிடிஓ, பச்சை, ரெஸ்டோர் செய்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெயிண்டில் அங்கங்கே கல் பட்ட தடம் தெரிகிறது. மூன்றாவது 1969 ஃபோர்டு மஸ்டாங் மாக் 1. நான்காவது இன்னொரு 1970 ஷெவெல், ஆனால் பாடி மட்டும்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுசு, இப்படிப்பட்டதைத்தான் ரெஸ்டோமாட் என்பார்கள். விலை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசி கார் மட்டும் கொஞ்சம் கூட.

புகைப்படங்களை வைத்து முடிவு செய்தால் யாராக இருந்தாலும் சிவப்பு ஷெவெலைத்தான் எடுப்பார்கள், நண்பரும் ஏறக்குறைய மனதளவில் வாங்கிவிட்டார். நான் அவரிடம் சொன்னது ஜிடிஓவை எடுங்கள் என்று. அதற்கான காரணம் விரிவாகச் சொன்னால் இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

ஷெவெலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் அதிகமாகப் போகும் பொறி அங்கேதான் இருக்கிறது. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 என்பது தனி மாடல், காரின் வரிசை எண்ணே 138 என்று தொடங்கும், எண் தகட்டைப் பார்த்தே உறுதி செய்துவிடலாம். அதற்குப் பிறகு ஷெவர்லே அதை ஒரு பேக்கேஜாக மாற்றிவிட்டது. 1970 மாடலில் வி8 போட்ட எந்த மாலிபு (ஷெவெலின் சாதாரண வகை) கூபேயை எடுத்தாலும் எண் 13637 என்றுதான் தொடங்கும், 307 எஞ்சினோடு கடைக்கும் ஆபீசுக்கும் போய்வந்த சாதாரணக் குடும்பக் காரும் அதே எண், 450 குதிரைசக்தி எல்எஸ்6 எஞ்சினோடு வந்த எஸ்எஸ் 454உம் அதே எண். ஆக, வரிசை எண்ணை வைத்து இது எஸ்எஸ்ஸா இல்லையா என்று சொல்லவே முடியாது. மற்ற அடையாளங்கள், அதாவது பானட் மேடு, கறுப்பு கிரில், வட்ட மீட்டர்கள் உள்ள டாஷ், எஸ்எஸ் பேட்ஜ், பின்னால் ஸ்வே பார், பெரிய எஞ்சினோடு வரும் 12 போல்ட் ஆக்சில், இவை அத்தனையும் இன்று காசு கொடுத்தால் பெட்டியில் வந்து இறங்கும். நல்ல மெக்கானிக் ஒருவர் ஒரு குளிர்காலத்தில் மாலிபுவை எஸ்எஸ் ஆக்கிவிடுவார், ஐம்பது வருடங்களாக ஆக்கிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான எஸ்எஸ் என்பதை எது காட்டும்? காகிதம்தான். ஃபேக்டரியில் கார் கூடவே நகர்ந்த பில்ட் ஷீட் ஒன்று இருக்கும், அதைப் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேலோ சீட் ஸ்பிரிங்குகளுக்குள்ளோ செருகிவிட்டார்கள், பாடியைக் கழற்றி வேலை செய்தவருக்கு அது கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்புறம் வாரன்டி புத்தகத்தோடு கொடுத்த ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற சின்ன உலோகத் தகடு, டீலர் ஒட்டிய விலைச் சீட்டு, முதல் உரிமையாளரின் பில். கனடாவில் முதலில் விற்ற ஷெவெலாக இருந்தால் அதன் பதிவுகள் கிடைக்கும், அமெரிக்காவில் விற்றதாக இருந்தால் எழுதிக் கேட்டு வாங்க ஓர் இடமும் இல்லை. நண்பர் பார்த்த சிவப்புக் காருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. விற்பவர் காட்டுவது ரெஸ்டோர் செய்த பில்கள், ஒரு தடித்த ஃபைல் நிறைய. அந்த பில்கள் கார் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லும், 1970இல் எப்படிப் பிறந்தது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்று விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறார். ஷெவர்லே வி8இல் வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டையான இடத்தில் எஞ்சின் அசெம்பிள் ஆன தேதி, எந்த வகை என்ற குறி, காரின் வரிசை எண்ணின் பின்பகுதி எல்லாம் குத்தியிருக்கும். இது பொருந்தினால் பிறவி எஞ்சின் என்று கணக்கு. ஆனால் எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது பிளாக்கின் மேல்பரப்பைச் சீவினால் அந்தக் குத்தல் அழிந்துபோகும், அதன்மேல் வேண்டிய எண்ணைப் புதிதாகக் குத்திவிடலாம், இதற்கென்றே அச்சு எழுத்துகள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஃபேக்டரியில் சீவிய பரப்பில் நெருக்கமான மெல்லிய நேர்க்கோடுகள் ஓடும், பின்னால் சீவியதில் அவை இருக்காது அல்லது வேறு திசையில் வட்டமாகத் தெரியும். டார்ச் அடித்துக் கிட்டத்தில் புகைப்படம் எடுத்து, அந்த எஞ்சின்களைப் பார்த்தே பழகிய ஒருவரிடம் காட்ட வேண்டும். பிளாக்கில் வார்த்த தேதியும் கார் கட்டிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும், பிந்தியதாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. விற்பவர் அந்த இடத்தின் புகைப்படம் அனுப்பத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். (பேட்ஜில் 396 என்று இருந்தாலும் 1970இல் எஞ்சின் அளவு 402 கன அங்குலம், அதைப் பார்த்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், ஷெவர்லேயே பழைய பெயரை விடாமல் வைத்துக்கொண்டது.)

இப்போது ஜிடிஓ. இதுவும் அதே ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) குடும்பம், ஷெவெல் மாதிரியே தனிச் சேஸிஸ் மேல் உட்கார்ந்த பாடி, இரண்டுக்கும் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 112 அங்குலம். 1964இல் போண்டியாக் டெம்பெஸ்ட் லெ மான்ஸ் காரில் 389 எஞ்சினைப் போட்டு ஒரு ஆப்ஷனாக விற்றதில்தான் இந்த மசில் கார் கதையே சூடு பிடித்தது, ஜான் டிலோரியன் அப்போது போண்டியாக்கின் தலைமை எஞ்சினியர். முதல் இரண்டு வருடம் அது ஆப்ஷன்தான், 1966இல் தனி மாடல் ஆனது. வாங்குபவருக்கு இதில்தான் லாபம்: 1966 முதல் 1971 வரை உண்மையான ஜிடிஓ என்றால் வரிசை எண் 242 என்று தொடங்கியே ஆக வேண்டும், லெ மான்ஸை எவ்வளவு அலங்கரித்தாலும் அந்த எண் வராது. வரிசை எண் தகட்டைக் கழற்றி வேறு காரில் பொருத்துவது குற்றம், அதைச் செய்யும் ஆட்கள் இல்லாமல் இல்லை, ஆனால் மாலிபுவுக்கு பேட்ஜ் ஒட்டுவதைவிட அது பல மடங்கு அரிது, தகட்டின் ரிவெட்டுகளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியமானது பிஎச்எஸ், அதாவது போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். அந்தக் காலத்து போண்டியாக் கார்களுக்கு ஃபேக்டரி டீலருக்குப் போட்ட பில்லின் நகல் அவர்களிடம் இருக்கிறது, வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அனுப்பிவிடுவார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்ன நிறம், என்னென்ன ஆப்ஷன், எந்த டீலருக்குப் போனது என்று எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் தரும் நகலை நம்ப வேண்டியதில்லை, நீங்களே நேரடியாக வாங்கிப் பார்க்கலாம், வாங்கிப் பார்க்கவும் வேண்டும். இந்தப் பச்சைக் கார் 400 எஞ்சின், 350 குதிரைசக்தி, நாலு கியர் மேனுவல், முன்னால் டிஸ்க் பிரேக், எல்லாம் விற்பவர் தந்த நகலில் இருப்பது போலவே காரிலும் இருக்கிறது. டிஸ்க் பிரேக் அன்றைக்கு ஆப்ஷன்தான், நிறைய ஜிடிஓ நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடுதான் வெளியே வந்தன. இரண்டு முறை வேகமாகப் போய் அழுத்திப் பிடித்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும், இன்றைய போக்குவரத்தில் அது விளையாட்டு இல்லை. 1970 ஷெவெல் எஸ்எஸ் பேக்கேஜில் முன் டிஸ்க் சேர்ந்தே வந்தது, அந்த விஷயத்தில் ஷெவெல் ஒரு படி மேல்.

ஜிடிஓவின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முன் பம்பர் எண்டுரா என்ற ரப்பர் போன்ற பொருள், பாடி நிறத்திலேயே பெயிண்ட் அடித்தது, லேசாக இடித்தால் உள்வாங்கிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்று போண்டியாக் பெருமையாக விளம்பரம் செய்தது, அந்த வருடம் மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகையின் சிறந்த கார் விருதும் ஜிடிஓவுக்கே. இத்தனை வருடத்தில் அந்தப் பொருள் வெடிக்கும், அதன் மேல் பெயிண்ட் நிற்காமல் உதிரும், சரி செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, செலவும் அதிகம். இரண்டாவது, போண்டியாக் 400 ஷெவர்லே எஞ்சின் இல்லை, போண்டியாக் தானே வடிவமைத்தது, அந்த நிறுவனமும் 2010இல் மூடியாகிவிட்டது. பாகங்கள் கிடைக்கின்றன, ஆனால் ஷெவர்லேக்குக் கிடைக்கும் விலையில் கிடைக்காது. மூன்றாவது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை அழுத்தப்படும் விகிதம். 1968இன் 350 குதிரைசக்தி எஞ்சினில் அது 10.75:1, ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோல் ஓடிய காலத்துக் கணக்கு. இன்று பங்கில் கிடைப்பது 91, 93 ஆக்டேன். அதில் லோடு கொடுக்கும்போது எஞ்சின் தட்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, திரும்பக் கட்டியபோது பிஸ்டனோ ஹெட்டோ மாற்றிக் கம்ப்ரஷனைக் குறைத்தார்களா, வால்வ் சீட்டுகளைக் கெட்டிப்படுத்தினார்களா என்பது. ஷெவெலின் 350 குதிரைசக்தி எஞ்சினுக்கு 10.25:1, அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள். இது தெரியாத விற்பனையாளரிடம் எஞ்சின் கட்டிய கடையின் பெயரை வாங்கி அங்கே போன் செய்துவிடலாம்.

தகரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, காகிதத்துக்கு அடுத்தபடி பணத்தை விழுங்குவது துருதான். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு போடுகிறார்கள், இங்கேயே ஓடித் தேய்ந்த பழைய காரில் நல்ல தகரம் மிஞ்சுவது கடினம், அதனால்தான் அரிசோனா, கலிஃபோர்னியா கார் என்றால் விலை ஏறுகிறது. இந்த ஜிஎம் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு. அங்கே தேங்கும் தண்ணீர் உள்ளே இறங்கி டிக்கித் தரையை அரிக்கும். வினைல் கூரை இருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்து பின் சக்கரத்துக்கு மேல் உள்ள பேனல்கள், சேஸிஸ் பின் ஆக்சிலைத் தாண்டி வளையும் இடம். புது பெயிண்டுக்கு அடியில் எவ்வளவு பட்டி பூசியிருக்கிறார்கள் என்பதைப் பெயிண்ட் கனம் அளக்கும் கருவி காட்டிவிடும், விலையும் பெரிதில்லை, அதுகூட இல்லையென்றால் துணி சுற்றிய காந்தம் போதும். சிவப்பு ஷெவெலின் பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, நான் மறுக்கவில்லை, ஆனால் பாடியைக் கழற்றி வேலை செய்த காருக்குத் தகரம் வெட்டி ஒட்டிய நிலையில் புகைப்படங்கள் இருந்தாக வேண்டும், அடியில் கறுப்பு பெயிண்ட் அடித்து முடித்த பிறகு எடுத்த படங்கள் எதையும் நிரூபிக்காது. ஜிடிஓவின் பெயிண்டுக்கு பத்து வருடம் வயது என்பதை நான் குறையாகவே பார்க்கவில்லை. சரியில்லாத பட்டி வேலை பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்திலேயே குமிழ் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், பத்து வருடம் தாங்கிய வேலை என்றால் அடியில் தகரம் இருக்கிறது என்று நம்ப இடம் உண்டு.

மாக் 1ஐப் பற்றிச் சுருக்கமாக. காகித விஷயத்தில் ஃபோர்டு வாங்குபவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1967 முதலான கார்களுக்கு மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கிறது, ஃபோர்டின் சொந்தத் தயாரிப்புப் பதிவுகளில் இருந்தே எடுத்துத் தருவது. எஞ்சின் வகையும் வரிசை எண்ணிலேயே ஓர் எழுத்தாக இருக்கிறது, எம் என்றால் 351 எஞ்சின், 290 குதிரைசக்தி, கியூ, ஆர் என்றால் 428 கோப்ரா ஜெட். நண்பர் பார்த்தது எம், 428ஐ இந்தப் பணத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சிக்கல் என்னவென்றால் மஸ்டாங்குக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ், துரு பிடித்தால் காரின் முதுகெலும்பே போகிறது. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கவ்ல் பகுதி உள்ளுக்குள்ளேயே அரித்துத் தண்ணீர் கால் வைக்கும் இடத்தில் சொட்டும், அதைச் சரி செய்ய வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரிக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு குடம் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றி உள்ளே குனிந்து பாருங்கள். இந்தக் காரின் விற்பனையாளர் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் என்னைப் பொறுத்தவரை இது பட்டியலில் இருந்து விலகிவிட்டது.

ரெஸ்டோமாட் ஷெவெலைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், ஓட்டுவதற்கு நான்கிலும் சிறந்தது அதுதான். கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 எஞ்சின், 430 குதிரைசக்தி, ஆறு கியர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், வேலை செய்யும் ஏசி, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட். பழைய நாலு கியர் பெட்டியில் ஓவர்டிரைவ் இல்லை, 3.55 ஆக்சிலோடு மணிக்கு 70 மைலில் போனால் எஞ்சின் 3200 சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் காது வலிக்கும், இதில் ஆறாவது கியரில் 2000 பக்கத்திலேயே அமைதியாகப் போகும். வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு எடுத்துப் போக வேண்டும், மனைவி பிள்ளைகளோடு சிகாகோ வரை போக வேண்டும் என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன். அசல் எஸ்எஸ்ஸா போலியா என்ற கவலையும் இதில் கிடையாது, சாதாரண மாலிபு என்று சொல்லியே விற்கிறார்கள். பிரச்சினை வயரிங்கிலும் கட்டியவரின் கைத்திறமையிலும் இருக்கிறது: நான்கைந்து நிறுவனங்களின் பாகங்களைச் சேர்த்து ஒருவர் தன் வசதிக்குக் கட்டியது, எந்த ரிப்பேர் புத்தகமும் அதற்குப் பொருந்தாது. கட்டிய கடை இன்னும் திறந்திருக்கிறதா, வயரிங் வரைபடம் கொடுக்கிறார்களா என்று கேட்க வேண்டும். விற்கப் போகும்போது போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வராது என்பதையும் ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு சிலர் கேட்பார்கள், இதே பணத்தில் புது மஸ்டாங் ஜிடி வாங்கிவிடலாமே, 480 குதிரைசக்தி இருக்கிறதே என்று. வேகம்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பழைய கார்களின் எண்ணிக்கை எல்லாம் கிராஸ் கணக்கு, எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, ஏர் கிளீனரும் சைலன்சரும் இல்லாமல் அளந்தது, நெட் என்பது அவற்றையும் பொருத்தி அளந்தது. 1971இல் ஜிஎம் இரண்டு கணக்கையும் சேர்த்து வெளியிட்டது, அதில் ஷெவெலின் 454 எஞ்சின் கிராஸில் 365, நெட்டில் 285. எனவே ஷெவெல், ஜிடிஓ இரண்டின் 350 என்பதை இன்றைய கணக்கில் கணிசமாகக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் நண்பர் தேடுவது வேகம் இல்லை. ஆகஸ்டில் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்டு அவென்யூவில், 1995இலிருந்து நடந்துவரும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தில், தன் காரோடு நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை, அந்த ஆசையை நான் முழுமனதோடு மதிக்கிறேன்.

அந்த மாதிரிப் பயன்பாட்டுக்கு மிச்சிகன் சட்டமும் இடம் கொடுக்கிறது. 26 வருடமோ அதற்கு மேலோ வயதான காருக்கு ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கலாம், கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சிகளுக்கு எடுத்துப் போகலாம், ஆகஸ்ட் மாதம் முழுக்க அந்தக் கட்டுப்பாடும் இல்லை. இன்ஷூரன்ஸ் சாதாரண பாலிசியாக எடுக்க வேண்டாம், அதில் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். பழைய கார்களுக்கென்றே பாலிசி தரும் ஹேகர்ட்டி போன்ற நிறுவனங்கள் முன்கூட்டியே ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டு எழுதித் தரும், கார் முழுசாகப் போனால் அந்தத் தொகை அப்படியே வரும், பதிலுக்குத் தினமும் ஓட்டக் கூடாது, கராஜில் நிறுத்த வேண்டும் என்பார்கள். ஆவணம் உள்ள காருக்கு அந்த மதிப்பை நிறுவுவது சுலபம், ஆவணம் இல்லாத எஸ்எஸ்ஸுக்கு எஸ்எஸ் மதிப்பு கேட்டால் மதிப்பீட்டாளரே சந்தேகப்படுவார். பராமரிப்பில் இரண்டே விஷயம் மறக்கக் கூடாது: இந்த எஞ்சின்களின் கேம்ஷாஃப்டுக்கு துத்தநாகம் அதிகமுள்ள எண்ணெய் வேண்டும், இன்றைய சாதாரண எண்ணெயில் அது குறைவு, அப்புறம் 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை அரித்துவிடும், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள், ஹோஸ் ஒழுகினால் தீப்பிடிக்கும்.

ஆக என் தேர்வு பச்சை ஜிடிஓ, லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்த்த பிறகு, எண்டுரா பம்பருக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு. ஷெவெலை முழுக்கத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதன் விற்பனையாளர் எஸ்எஸ் என்ற பேச்சை விட்டுவிட்டு, நன்றாக ரெஸ்டோர் செய்த ஒரு 1970 மாலிபுவுக்கு என்ன விலையோ அந்த விலைக்கு இறங்கி வந்தால், விற்பனைப் பத்திரத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தால், அது நல்ல வியாபாரம், ஏனென்றால் வேலைப்பாடு நிஜம், எஞ்சினும் பெரிசு, அசல் கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லாமல் ஓவர்டிரைவ் கியர்பாக்ஸும் நல்ல பிரேக்கும் போட்டு ஆசை தீர ஓட்டலாம். நண்பர் அந்த விலையைக் கேட்டுப் பார்க்கட்டும், பிஎச்எஸ் காகிதம் தபாலில் வருவதற்குள் பதில் தெரிந்துவிடும்.